முகப்பு விளக்கு மங்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய் இறக்கத்தை இரவில் இறங்கியவர்களுக்கு முகப்பு விளக்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சாலையோரம் நிற்கும் யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மங்கிய விளக்கில் அது கிட்ட வரும்வரை வெறும் இருட்டாகத்தான் தெரியும்.

எங்கள் பகுதியில் மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பழைய ஜீப்புகள் இன்னும் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்குத் தக்காளிக் கூடை ஏற்ற, கல்யாணத்துக்கு ஆள் கூட்டிப்போக, சந்தைக்குப் போக என்று அவற்றுக்கு ஓய்வே இல்லை. அவற்றில் விளக்குக் கோளாறு வந்தால் பெரும்பாலானோர் முதலில் செய்வது பல்பு மாற்றுவது. அது சரிப்படாவிட்டால் அதிக வாட் பல்பு. அதுவும் சரிப்படாவிட்டால் எல்இடி. இந்த வரிசையே தவறானது. பழைய வண்டியில் கோளாறு பல்பில் இருப்பதைவிட எர்த்திலும் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) இணைப்புகளிலும் இருப்பதே அதிகம். உங்கள் வண்டியின் அறிகுறி எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் கருவிகளைப் பற்றிய அடுத்த சில பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், இரு முனையிலும் கிளிப் போட்ட நீளமான வயர் ஒன்று, உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். டெஸ்ட் லேம்ப்பைக் கடையில் வாங்கத் தேவையில்லை. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு வயரும் கிளிப்பும் போட்டால் போதும். கடையில் கிடைக்கும் பேனா வடிவ எல்இடி டெஸ்டரைவிட இதுதான் உண்மையைச் சொல்லும்.

காரணம் இதுதான். வயரில் இருபது இழைகள் இருந்து, அதில் ஒன்று மட்டும் அறுபடாமல் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும். எல்இடி டெஸ்டரும் பளிச்சென்று எரியும். இரண்டும் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அந்த ஒற்றை இழையே போதுமானதாக இருக்கிறது. 60 வாட் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழை தன் பலவீனத்தைக் காட்டும். ஆகவே ஓரளவு சுமை கொடுக்கும் பல்பால் சோதியுங்கள். மல்டிமீட்டரைப் பயன்படுத்தினால், முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளவெடுங்கள். பல்பின் பின்னால் வயர்களை மாட்டும் கப்ளரைக் கழற்றிவிட்டு எடுக்கும் அளவை நம்பி எத்தனையோ பேர் கெட்ட சுவிட்சை நல்லது என்று விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வட்ட விளக்கு, சதுர விளக்கு எதுவானாலும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் எச்4 பல்புதான் இருக்கும். அதன் பின்னால் மூன்று முனைகள். ஒன்று பொது முனை, மற்ற இரண்டும் டிம்முக்கும் பிரைட்டுக்கும். வழக்கமான வயரிங்கில் பொது முனை எர்த்துக்குப் போகும். சில ஜப்பானிய வழி வண்டிகளில் இது தலைகீழ்: பொது முனைக்கு நேரடியாக பேட்டரி மின்சாரம் வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைத்துத் துண்டிக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள, விளக்கைப் போட்டு, இரண்டு பக்கக் கப்ளர்களையும் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மூன்று துளைகளையும் தொட்டுப் பாருங்கள். டிம், பிரைட் மாற்றும்போது உயிருள்ள துளையும் (லேம்ப் எரியும் துளை) மாறினால் வழக்கமான வகை. எப்படி மாற்றினாலும் ஒரே துளையில்தான் உயிர் இருக்கிறது என்றால் எர்த் பக்கச் சுவிட்ச் வகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் எல்லாச் சோதனையும் குழப்பமாகவே முடியும்.

இரண்டு பக்கமும் எரிகிறது, ஆனால் மஞ்சளாக, மங்கலாக

இதுதான் அதிகம் வரும் புகார். இதற்குத்தான் அதிக நேரமும் கொடுக்க வேண்டும்.

ராயக்கோட்டை பக்கத்திலிருந்து ஓர் ஆம்னி வந்தது. ஓட்டிவந்தவர் இறங்கும்போதே, "அண்ணா, பல்பு புதிது, பேட்டரியும் புதிது. ஆனால் எதிரே லாரி வந்தால் என் வண்டியில் விளக்கு இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது" என்றார். விளக்கைப் போடச் சொல்லி அளந்தபோது பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பின் இரு முனைகளுக்கு நடுவில் 10.5 வோல்ட் மட்டுமே. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பன்மடங்கு வேகமாகக் குறையும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10.5 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்த இழப்பு எங்கே போகிறது? இணைப்பிலேயே சூடாகிறது. 1.5 வோல்ட் இழப்பும் 9 ஆம்பியர் ஓட்டமும் இருந்தால் 13 வாட்டுக்கு மேல் வெப்பம். பிளாஸ்டிக் சுவிட்சுக்குள் அவ்வளவு சூடு தினமும் எரிந்தால் அது உருகாமல் என்ன செய்யும்?

இழப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும், கப்ளர் பல்பிலேயே மாட்டியிருக்கட்டும். சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, கறுப்பு முனையை கப்ளரின் பின்பக்கமாகச் செருகி, பல்பில் எரியும் இழைக்கு (ஃபிலமென்ட்) மின்சாரம் கொண்டுவரும் வயரைத் தொடுங்கள். மீட்டர் காட்டுவது வரும் பாதையின் இழப்பு. பிறகு கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை பல்பின் எர்த் வயரிலும் வையுங்கள். அது திரும்பும் பாதையின் இழப்பு. ஒவ்வொன்றும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்கு அது நல்ல நிலை.

எந்தப் பக்கம் இழப்பு அதிகமோ அந்தப் பாதையைப் பாதியாகப் பிரித்து மறுபடி அளங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் வரை, பியூஸிலிருந்து சுவிட்ச் வரை, சுவிட்சிலிருந்து கப்ளர் வரை. அளவு எங்கே சட்டென்று ஏறுகிறதோ கோளாறு அங்கேதான். வயரை அறுக்கவும் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம்.

அந்த ஆம்னியில் வரும் பாதையில் அரை வோல்ட்டும், மீதி முழுவதும் எர்த் பக்கமும் இருந்தது. முகப்பு விளக்குக்குப் பக்கத்துத் தகட்டில் கறுப்பு வயரை இறுக்கிய போல்ட்டைக் கழற்றினேன். வயர் முனையில் இருக்கும் வளையமான ரிங் லக்கின் அடியில் பச்சைப் பொடி படிந்திருந்தது. அதற்கும் கீழே எப்போதோ பெயிண்ட் அடித்தபோது போல்ட் துளையைச் சுற்றியும் பெயிண்ட் படிந்திருந்தது. அந்த லக் தகட்டைத் தொடவே இல்லை. மின்சாரம் போல்ட்டின் மரைகள் வழியாக மட்டுமே போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது லக் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவியதும் எர்த் இழப்பு கால் வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. வாசலினை இறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டும். ஈரம் உள்ளே போகாமல் காப்பதுதான் அதன் வேலை.

எர்த் பக்கச் சுவிட்ச் வகை வண்டியில் திரும்பும் பாதையில் இழப்பு காட்டினால் பாடியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சுவிட்சும், டிம், பிரைட் மாற்றும் டிப்பரும் அதே பாதையில்தான் இருக்கின்றன.

அளவெல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் விளக்கின் உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எந்த வயரிங்கும் அதைக் காப்பாற்றாது. விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

ஒரு பக்கம் விசித்திரமாக எரிகிறது

டிம் போட்டால் ஒரு பக்கம் நன்றாக எரிகிறது. மறுபக்கம் சிவந்த மங்கலாக, பல்பின் இரண்டு இழைகளும் சேர்ந்து கனல்கின்றன. கூடவே டேஷ்போர்டில் நீல நிற ஹை பீம் விளக்கும் மங்கலாக எரிகிறது. பார்ப்பதற்கு வயரிங் முழுதும் கெட்டுப்போனது போலத் தோன்றும். உண்மையில் அந்த மங்கலான பக்கத்தின் எர்த் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நடப்பது இது: டிம் இழைக்கு வந்த மின்சாரம் பொது முனைக்கு வருகிறது. அங்கிருந்து எர்த்துக்குப் போக வழியில்லை. ஆகவே அதே பல்பின் பிரைட் இழைக்குள் புகுந்து, பிரைட் வயர் வழியாக மறுபக்க விளக்குக்குப் போய், அங்கே உள்ள பிரைட் இழையைக் கடந்து எர்த்தை அடைகிறது. மூன்று இழைகள் வரிசையாக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது நாலைந்து வோல்ட் மட்டுமே. பிரைட் வயரில் மின்சாரம் இருப்பதால் நீல விளக்கும் எரிகிறது.

இதைச் சோதிக்கக் கிளிப் வயர் ஒன்று போதும். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை அந்த பல்பின் எர்த் வயரிலும் மாட்டுங்கள். உடனே விளக்கு வெள்ளையாக எரிந்தால் விஷயம் முடிந்தது. அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் முகப்பு விளக்கும் கூடவே துடிக்கிறது, முகப்பு விளக்கைப் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாகக் கனல்கிறது என்பதெல்லாம் இதே குடும்பத்துக் கோளாறுகள். ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் விளக்குகள், எர்த் கெட்டதும் ஒன்றின் வழியாக மற்றொன்று வழி தேடுகின்றன.

ஒரு பக்கம் அறவே எரியவில்லை

இங்கே மட்டும் பல்பை முதலில் பார்ப்பது நியாயம். மறுபக்க பல்பை எடுத்து இங்கே மாட்டிப் பாருங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பின் ஆயுள் குறையும். நல்ல பல்பும் எரியாவிட்டால் கப்ளரைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருக்கிறதா, உள்ளே இருக்கும் பித்தளை முனை தளர்ந்து பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? பழுத்த கப்ளரைச் சுத்தம் செய்து மீண்டும் போடாதீர்கள். சூடுபட்ட பித்தளையின் பிடிப்பு போய்விட்டது, அது மறுபடியும் சூடாகும். வயரோடு சேர்ந்த புது பீங்கான் கப்ளர் எல்லா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளிலும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை.

டிம் மட்டும் இல்லை, அல்லது பிரைட் மட்டும் இல்லை

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் டிம் எரியவில்லை என்றால் டிப்பர் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு பல்புகளையும் பாருங்கள். டிம் இழைதான் அதிக நேரம் எரிகிறது. ஒரு பக்கம் போய் வெகுநாள் கழித்தும் கவனிக்காமல் ஓட்டியவர்களுக்கு, மறுபக்கமும் போன அன்றுதான் இரண்டும் ஒரே நேரத்தில் போனது போலத் தோன்றும்.

பழைய ஜீப்பு போன்ற வண்டிகளில் டிப்பர் காலடியில் மிதிக்கும் சுவிட்சாக இருக்கும். மழைத் தண்ணீரும் செருப்பு மண்ணும் அதற்குள்தான் போய்ச் சேரும். கழற்றித் துடைத்து ஓரிரு மாதம் ஓட்டலாம், ஆனால் மாற்றிவிடுவதே நல்லது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் சுவிட்சாக இருந்தால், கப்ளரைப் பிரித்து எந்த முனை கருகியிருக்கிறது என்று பாருங்கள்.

குழியில் விழுந்தால் அணைகிறது, பிறகு தானே எரிகிறது

தளர்ந்த இணைப்பு. விளக்கைப் போட்டுவிட்டு ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் பேட்டரி முனையிலிருந்து ஆரம்பித்து வயர் கட்டைக் கையால் ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பியூஸ் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் பியூஸ் இருக்கும் வண்டியில், பிடிக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்திருந்தால் பியூஸ் நன்றாக இருந்தும் தொடர்பு விட்டுவிடும்.

கால் மணி, அரை மணி நேரம் எரிந்த பிறகு அணைந்து, ஆறியதும் மறுபடி எரிகிறது என்றால் அது வேறு. அது சூட்டால் வரும் கோளாறு. பெரும்பாலும் சுவிட்ச். அணைந்த உடனே சுவிட்சின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். இந்த வண்டியை அப்படியே இரவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இறக்கத்தின் நடுவில் விளக்கு அணைந்தால் ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் பயனில்லை.

பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய பியூஸ் போடாதீர்கள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடாதீர்கள். பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும், வயரைத் தொடர்ந்து வண்டி எரியும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

இரண்டு முகப்பு விளக்குகளின் கப்ளர்களையும் கழற்றுங்கள். போன பியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பின் இரு முனைகளையும் மாட்டுங்கள். விளக்குச் சுவிட்சைப் போடுங்கள். எங்கும் ஷார்ட் இல்லையென்றால் லேம்ப் எரியாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயர் எங்கோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இனி பியூஸ்களை வீணாக்காமல் நிதானமாகத் தேடலாம். வயர் கட்டை நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தூக்கியதும் லேம்ப் அணைகிறதோ அங்கேதான் உரசல். ரேடியேட்டர் சட்டத்தின் கூரான ஓரம், பேட்டரித் தட்டின் அடி, ரப்பர் வளையம் போன துளை, இவை மூன்றையும் முதலில் பாருங்கள்.

டிம்மில் மட்டும் எரிந்து பிரைட்டில் அணைந்தால் கோளாறு டிம் வயரில் மட்டும்தான் என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: எலி. கேழ்வரகு மூட்டையும் மாட்டுத் தீவனமும் இருக்கும் கொட்டகையில் காரை நிறுத்துகிறோம். அறுவடை முடிந்த காலத்தில் எலிகளுக்குச் சூடான இன்ஜின் அறையைப் போல வசதியான இடம் கிடையாது. பேட்டரிக்குப் பின்னால் உமியும் பஞ்சும் தென்பட்டால், பக்கத்தில் எங்கோ செம்பு வெளியே தெரியும் வயர் கண்டிப்பாக இருக்கும். கடித்த இடத்தில் வெறும் டேப் சுற்றுவது போதாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள வயரைச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்தது என்பதால் அதன் மூல வயரிங்கில் பிரிட்டிஷ் நிற முறையைப் பார்க்கலாம்: நீலம் சுவிட்சிலிருந்து டிப்பருக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப்பை நம்புங்கள்.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பளிச், விட்டால் மங்கல்

இது பெரும்பாலும் முகப்பு விளக்கின் வயரிங் அல்ல. பேட்டரி முனைகள், பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் பட்டை, ஆல்டர்னேட்டர் பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அடிக்கடி பல்பு போகும் வண்டிகளில் இதை அளக்காமல் புது பல்பு வாங்குவது வீண் செலவு.

எல்லாம் சரிசெய்தும் சுவிட்ச் சூடாகிறது என்றால்

ரிலே போடுங்கள். சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச் அது. பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு பல்புகளின் முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. ரிலே போட்டால் சுவிட்ச் சுமப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30ஆம் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். அந்த வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். 87ஆம் முனையிலிருந்து பல்புகளுக்கு. பழைய கப்ளருக்கு வந்துகொண்டிருந்த வயர் 86ஆம் முனைக்கு. 85ஆம் முனை எர்த்துக்கு. எர்த் பக்கச் சுவிட்ச் வகையில் 86க்குப் பழைய பொது வயரையும் 85க்கு டிம் அல்லது பிரைட் வயரையும் கொடுக்க வேண்டும். பல்புகளின் எர்த்துக்கும் அதே தடிமனுள்ள வயர் போட மறக்காதீர்கள். வரும் பாதையை மட்டும் அகலமாக்கி, திரும்பும் பாதையை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

100/90 வாட் பல்பு போட வேண்டாம். பிரைட்டில் இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயருக்கு அது அளவுக்கு மீறிய சுமை, எதிரே வருபவரின் கண்ணுக்கும் கேடு. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் மலிவான எல்இடி திணிப்பதும் அப்படித்தான். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிர் லாரி ஓட்டுநரின் முகத்தில் விழும்.

வேலை முடிந்ததும் விளக்கின் கோணத்தைப் பாருங்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்கும்வரை திருகைத் திருப்புங்கள். வழக்கமாகப் பின்சீட்டில் தக்காளிக் கூடையோ மாங்காய் மூட்டையோ ஏற்றுகிறவர் என்றால், அந்தச் சுமையை ஏற்றிவைத்தே இதைச் செய்யுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.